ஒரு சுருள் டேப்பும் ஒரு கண்டெய்னர் சரக்கும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் எட்டு மாதமாகக் கொள்முதல் பொறுப்பில் இருக்கிறேன். எம்.காம். படித்தவள். நாங்கள் வாங்கும் பொருட்கள் ஏறத்தாழ 230 வகை. தணிக்கையாளர் சொன்னபடி மதிப்பு வாரியாக, அதிகமானது ஏ, நடுத்தரம் பி, குறைந்தது சி என்று பிரித்து வைத்திருக்கிறேன். எல்லாப் பொருளிலும் ஐந்து சதவீதம் விலையைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். ஆனால் மூன்று மாதத்தில் இரண்டு முறை வேலை நின்றுபோனது. ஒருமுறை வாக்குவம் பாக்கிங் இயந்திரத்தின் சீலிங் பட்டையும் டெஃப்லான் டேப்பும் இல்லாமல். இன்னொரு முறை, பருப்பை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்தின் ஒரு வால்வு இல்லாமல். மூன்றும் சி பட்டியலில் இருந்தவை. ஆபத்து, மதிப்பு இரண்டையும் வைத்து நான்கு கட்டமாகப் பிரிக்கும் முறையைப் படித்து, மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். தாளை இணைத்திருக்கிறேன். குழப்பம்தான் மிஞ்சியது. எங்கே தொடங்குவது ஐயா? பெயர் வெளியிட வேண்டாம்.

சகோதரி,

பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வேலையை நிறுத்திய பொருட்கள் மூன்றும் சி பட்டியலின் அடியில் கிடந்தவை என்று நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் ஸ்டோரிலும் கொள்முதலிலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைக் கவனிக்காமலேயே பணிக்காலத்தை முடித்தவர்களை எனக்குத் தெரியும். எட்டு மாதத்தில் உங்கள் கண்ணில் பட்டிருப்பதைப் பார்க்க மனது நிறைகிறது.

ஏ-பி-சி பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருப்பெற்ற முறை அது. சில வகைச் சரக்கில்தான் பெரும் பணம் முடங்குகிறது, அவற்றை அடிக்கடி எண்ணு, மற்றதை எப்போதாவது எண்ணினால் போதும் என்பது அதன் சாரம். பணம் எங்கே கிடக்கிறது என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லும். ஆனால் இந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது, அவர் கைவிரித்தால் அடுத்தவர் யார், வந்து சேர எத்தனை நாள் என்றெல்லாம் அந்தப் பட்டியலிடம் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. தணிக்கையாளரின் தேவை வேறு, ஆலையை ஓட்டுகிறவரின் தேவை வேறு.

நீங்கள் படித்த நான்கு கட்ட முறை பீட்டர் கிரால்ஜிக் என்பவருடையது. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் இருந்தவர். 1983இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் அதை எழுதினார். எழுபதுகளில் எண்ணெய் விலை இரண்டு முறை எகிறியதையும், நம்பியிருந்த மூலப்பொருள் திடீரென்று எட்டாமல் போவதையும் ஐரோப்பிய ஆலைகள் பார்த்து முடித்திருந்த நேரம். விலையை அடித்துப் பேசி வாங்குவதோடு கொள்முதல்காரரின் வேலை முடிந்துவிடாது என்று சொல்லத்தான் அவர் அதை எழுதினார். ஒவ்வொரு பொருளையும் இரண்டு பக்கமிருந்து பார்க்கச் சொன்னார். நம் லாபத்தை அது எவ்வளவு அசைக்கிறது? அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு?

இரண்டும் குறைவு என்றால் சாதாரணப் பொருள். பணம் பெரிது, ஆபத்து சிறிது என்றால் பேரம் பேசும் பொருள். இரண்டுமே பெரிது என்றால் ஆலையின் உயிர்ப்பொருள். பணம் சிறிது, ஆபத்து பெரிது என்றால் அது கழுத்தைப் பிடிக்கும் பொருள். புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களை விட்டுவிட்டு இப்படியே பேசுங்கள். உங்கள் ஸ்டோர் கீப்பருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் உடனே பிடிபடும். அவர்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

இப்போது நீங்கள் அனுப்பிய தாளுக்கு வருகிறேன். வால்வுக்கு ஆபத்து 4, அட்டைப்பெட்டிக்கு 3.5 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த அரை மதிப்பெண் எங்கிருந்து வந்தது? மேசையில் தனியாக உட்கார்ந்து போட்ட எண் அது. எண்ணாக எழுதியதாலேயே அது உண்மை போலத் தெரிகிறது. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இதுதான், உங்கள் அறிவில் எந்தக் குறையும் இல்லை.

மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். பொருட்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் நடந்து போங்கள். வேகவைக்கும் இடம், உடைக்கும் இடம், பருப்பைச் சூட்டில் உலர்த்தும் போர்மா, தோல் உரிக்கும் இடம், தரம் பிரிக்கும் இடம், பாக்கிங். ஒவ்வோர் இடத்திலும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் பொருள் தீர்ந்துபோனால் எவ்வளவு நேரத்தில் வேலை நிற்கும்? இன்றைக்கு போன் செய்தால் எத்தனை நாளில் கைக்கு வரும்? இரண்டு பதிலையும் நாள் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். கையிருப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும், வந்து சேரும் நாள் வேலை நிற்கும் நாளைவிட அதிகமாக இருந்தால் அங்கே ஆபத்து இருக்கிறது. சீலிங் பட்டை அறுந்தால் வேலை அந்த மணி நேரத்திலேயே நின்றுவிடும். புதியது கூரியரில் வர நான்கு நாள் என்று வையுங்கள். இதற்கு மதிப்பெண் எதற்கு? துடைப்பம் வராவிட்டால் எதுவும் நிற்காது. அதற்கும் மதிப்பெண் வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்றை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். உண்மையில் எத்தனை பேர் விற்கிறார்கள்? மார்த்தாண்டத்தில் இரண்டு கடை, நாகர்கோவிலில் ஒரு கடை, ஆக மூன்று பேர் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று கடைக்கும் ஒரே விநியோகஸ்தர்தான் சரக்குப் போடுகிறார் என்றால் உங்களுக்கு இருப்பது ஒரே வழி. அவரிடம் தீர்ந்த அன்றைக்கு மூன்று கடையிலும் தீர்ந்திருக்கும். கடைக்காரரிடம் பக்குவமாகக் கேட்டால் எங்கிருந்து எடுக்கிறார் என்று சொல்லிவிடுவார். நம் ஊர்க்காரர்கள் இதை ஒளிப்பதில்லை.

கழுத்தைப் பிடிக்கும் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களைப் போன்ற நடுத்தர ஆலைகளில் நான் பார்த்த நஷ்டமெல்லாம் இங்கேதான் கசிந்தது. சீலிங் பட்டை, டெஃப்லான் டேப், கலர் சார்ட்டரின் வால்வு, பாய்லரின் கேஸ்கெட், கம்ப்ரசரின் ஃபில்டர். இவற்றில் ஐந்து சதவீதம் குறைத்து ஆண்டு முழுதும் மிச்சம் பிடித்தாலும், பாக்கிங் ஒரு நாள் நின்றால் அது அத்தனையும் போய்விடும். இவற்றுக்கு விலை பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுத்து, ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு அலமாரியில் இருக்கும்படி வாங்கி வையுங்கள். உறையின் மேல் இயந்திரத்தின் மாடல் எண்ணையும் வாங்கிய தேதியையும் எழுதி ஒட்டுங்கள். அலமாரியில் இருந்தும் இது எந்த இயந்திரத்துக்கு என்று தெரியாமல் வேலை நின்ற இடங்களும் உண்டு.

வால்வைப் பொறுத்தவரை இன்னொன்று. அது ஏன் பழுதாகிறது என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டீர்களா? பழுதான பருப்பைக் காற்றால் ஊதித் தள்ளுகிற வால்வு அது. காற்றில் ஈரம் இருந்தால் சீக்கிரம் கெடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஆண்டில் பாதி நாள் காற்றே நனைந்துதான் இருக்கிறது. கம்ப்ரசரின் ஏர் ட்ரையரையும் ஃபில்டரையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வால்வு வாங்கும் தேவையே குறையும். ஒரு பொருளின் ஆபத்தைக் குறைக்க அதை நிறைய வாங்கிக் குவிப்பது ஒரு வழி, அது தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழி கொள்முதல் பதிவேட்டில் வராது என்பதால் யாரும் அதற்குப் பாராட்டு வாங்குவதில்லை. நீங்கள் அதைச் செய்யுங்கள்.

நம் கழுத்தை நாமே கொண்டுபோய்ப் பிடிக்கக் கொடுப்பதும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்தது இது. வெற்றுப் பை எத்தனையோ பேரிடம் கிடைக்கும். வாங்குபவரின் பெயரும் படமும் அச்சிட்ட பைதான் வேண்டும் என்று முடிவானதும், அச்சுக்கான சிலிண்டர் செய்ய நாங்களே பணம் கொடுத்தோம். சிலிண்டர் பை தயாரிப்பவரிடமே இருந்தது. அது யாருடையது என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அவருக்கு வேலைப்பளு. பை வரவில்லை. வேறு ஒருவரிடம் அடிக்கலாம் என்றால் சிலிண்டரைத் தர மறுத்துவிட்டார். பருப்பு தரம் பிரித்துத் தயாராகக் கிடந்தது. தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. பை ஒன்றின் விலையில் பைசாவைக் குறைத்ததற்காக மூன்று மாதம் முன்பு என்னைப் பாராட்டியிருந்தார்கள்.

பை அதே பைதான். அச்சு ஏறியதும் பேரம் பேசும் பொருள் கழுத்தைப் பிடிக்கும் பொருளாக மாறியது. கட்டம் பொருளுக்குச் சொந்தமானது கிடையாது, நாம் அதை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஆலையிலும் அச்சிட்ட பை இருந்தால், சிலிண்டர் ஆலைக்குச் சொந்தம், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். அவசரத்துக்கு வெற்றுப் பையில் லேபிள் ஒட்டி அனுப்ப வாங்குபவரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

உயிர்ப்பொருள் என்றால் உங்களுக்கு முந்திரிக்கொட்டை ஒன்றுதான். பழைய ஆட்கள் கொல்லாங்கொட்டை என்பார்கள். ஒரு காலத்தில் நம் ஊர்த் தோட்டத்துக் கொல்லாமரமே ஆலைக்குப் போதும் என்று நினைத்த தலைமுறை உண்டு. இன்று ஐவரி கோஸ்ட், கானா, கினி பிசாவ், தான்சானியா என்று கப்பலில் வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை ஏறத்தாழ பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. நம் நாட்டு அறுவடையும் ஏறக்குறைய அதே கோடைக்காலம்தான். தான்சானியா, மொசாம்பிக் கொட்டை அக்டோபரிலிருந்து ஆண்டு இறுதியை ஒட்டி வரும். இந்த இரண்டு பருவத்துக்கு நடுவே உள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் முந்திரித் தொழிலின் மையமான கேள்வி. கையில் கொட்டை இல்லாவிட்டால் வேலை செய்கிற பெண்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்தக் குடும்பங்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதில் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம் நிச்சயம். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்பதுதான் கொட்டையின் உண்மையான விலை. 48 பவுண்டு சொன்ன கொட்டை 46தான் தந்தது என்றால், ஒரு மூட்டைக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம் பருப்பு குறைகிறது. 1000 மூட்டைக்கு 900 கிலோ. டன்னுக்குச் சில ஆயிரம் குறைத்து வாங்கியதில் வந்த லாபத்தை அந்த 900 கிலோ பருப்பின் விலையோடு வைத்துப் பாருங்கள். மாதிரி எடுத்து வெட்டிப் பார்ப்பதையும் ஈரப்பதம் அளப்பதையும் ஒவ்வொரு லோடுக்கும் நீங்கள் நேரில் நின்று செய்யுங்கள். ஈரம் கூடிய கொட்டை குடோனிலேயே பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் காயவைக்க நமக்கு வெயிலும் கிடைக்காது.

கிரால்ஜிக்கின் கட்டுரையில் பலரும் படிக்காமல் தாண்டிவிடும் பகுதி ஒன்று உண்டு. உயிர்ப்பொருளைப் பிரித்த பிறகு, விற்பவரின் பலத்தையும் நம் பலத்தையும் எடைபோடச் சொல்கிறார். நம் கை ஓங்கியிருந்தால் அழுத்திப் பேசலாம், சமமாக இருந்தால் சமநிலையில் நடக்கலாம், அவர் கை ஓங்கியிருந்தால் வேறு வழிகளைத் தேட வேண்டும். கொல்லத்துப் பெரிய இறக்குமதியாளர் முன்னால் கருங்கல் ஆலை எந்த நிலையில் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அங்கே மிரட்டல் பேரம் எடுபடாது. இரண்டு இறக்குமதியாளர்களிடம் தொடர்ந்து வாங்குவது, அக்கம்பக்கத்து ஆலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே லோடாக எடுப்பது, நல்ல பருவத்தில் வங்கிக் கடன் வரம்பைக் கையில் வைத்திருப்பது, இவைதான் எடுபடும். இந்த முடிவுகளை உங்கள் தலையில் மட்டும் சுமக்காதீர்கள். முதலாளி நேரில் உட்கார வேண்டிய மேசை இது. பேனா வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போடும் நேரத்தை அவர் இங்கே செலவிடட்டும்.

பேரம் பேசும் பொருட்களில் முதலாளி கேட்கிற ஐந்து சதவீதத்தைத் தாராளமாகத் தேடுங்கள். அட்டைப்பெட்டி, வெற்றுப் பை, லாரி வாடகை. பத்துப் பேர் விற்கிறார்கள், அளவும் பெரிது, மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் விலையைக் குறைத்துவிட்டுப் பணத்தை நான்கு மாதம் இழுத்தடிக்காதீர்கள். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியிலும் இது கடிக்கிறது. கெடு தாண்டி ஆண்டு முடிவில் நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது. பெட்டி செய்கிறவர் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சொன்ன நாளில் பணம் கொடுக்கும் ஆலைக்குத்தான் தட்டுப்பாட்டு நாளில் முதல் லோடு வரும். இதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

சாதாரணப் பொருட்களுக்கு ஒரு பத்தி போதும். எழுதுபொருள், துடைப்பம், பல்பு, சோப்பு எல்லாவற்றையும் ஒரே கடையில் மாதக் கணக்கு வைத்து வாங்குங்கள். உங்கள் நேரம் அவற்றைவிட விலை அதிகம்.

ஆனால் அந்தக் கட்டத்திலிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்தே ஆக வேண்டும். உடைக்கும் இடத்தில் பெண்கள் கையில் பூசிக்கொள்ளும் எண்ணெய், சாம்பல், கையுறை. விலை மிகக் குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். நான்கு கட்ட முறைப்படி அவை சாதாரணத்திலும் சாதாரணம். அது தீர்ந்தால் வேலையும் நிற்காது, ஏனென்றால் அவர்கள் வெறுங்கையோடு உடைப்பார்கள். முந்திரித் தோட்டின் பால் பட்டால் தோல் வெந்து உரியும். அந்தக் கைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த இடத்தில் கிரால்ஜிக்கின் இரண்டு அளவுகோலும் பார்வையற்றவை. லாபத்தையும் அசைக்காது, கிடைக்காமலும் போகாது, ஆனாலும் ஒரு நாள்கூடத் தீரக் கூடாது. மருத்துவமனை ஸ்டோர்களில் உயிர்காக்கும் மருந்துகளை விலை பார்க்காமல் தனியாகப் பிரித்து வைப்பார்கள். அதுபோல ஆட்களின் உடம்பைக் காக்கும் பொருட்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். நான்கு கட்டத்துக்கு வெளியே, அதற்கு மேலே. அதில் ஐந்து சதவீதம் குறைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லி இந்தப் பதிலைக் காட்டினாலும் சரி.

ஒருமுறை பிரித்துவிட்டால் முடிந்தது என்றும் இருக்க முடியாது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் நம் மாவட்டத்தை அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. நவம்பர் 29 அன்று டீசல் எங்கள் பட்டியலில் பேரம் பேசும் பொருளாக இருந்தது. இரண்டே நாளில் அதுதான் உயிர்ப்பொருள். ஜெனரேட்டர் இருந்தது, ஊற்ற டீசல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் துண்டிக்கப்பட்டது. அந்தத் துறைமுகத்தை நம்பியிருப்பவருக்கு, எத்தனை விற்பனையாளர் இருந்தாலும் பாதை ஒன்றுதான் என்பதை அந்த மழை காட்டியது. ஆகவே பட்டியலில் 'வரும் வழி' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, கொச்சி வழியாகவும் வரும் சரக்கு எது, தூத்துக்குடியை மட்டும் நம்பியது எது என்று எழுதுங்கள். ஆண்டுக்கு இருமுறை, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் மே மாதத்திலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், அந்தப் பட்டியலோடு மறுபடி ஆலையைச் சுற்றி நடங்கள்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க நினைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நான்கு கட்டப் படத்தைக் கொண்டுபோய் விரிக்காதீர்கள். வேலை நின்ற அந்த இரண்டு நாளுக்கு எத்தனை பேருக்கு வெறுமனே கூலி போயிற்று, எத்தனை பெட்டி தாமதமாயிற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அந்த மூன்று பொருளையும் இரண்டிரண்டாக வாங்கி வைக்க ஆகும் தொகையை எழுதுங்கள். அந்தத் தாளை மட்டும் அவர் மேசையில் வையுங்கள். விலை குறைக்கும் இலக்கை அட்டைப்பெட்டியிலும் லாரி வாடகையிலும் அடைந்து காட்டுகிறேன் என்று கூடவே சொல்லுங்கள். தொழில் நடத்துகிறவருக்குக் கணக்குப் புரியும்.

230 பொருளையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். பாக்கிங் பகுதியிலிருந்து தொடங்குங்கள், அங்கே நாற்பது பொருளுக்கு மேல் இருக்காது. நாளைக் காலையில் முதல் வேலையாக டெஃப்லான் டேப் இரண்டு சுருள், சீலிங் பட்டை இரண்டு, வால்வு இரண்டு, மூன்றுக்கும் ஆர்டர் போட்டுவிட்டு, அதன் பிறகு பட்டியலைக் கையில் எடுங்கள்.